பழைய மேப், புது மேப்: சுங்கை சிப்புட் பசங்க மூணு பேர் அனுபவம்

நம்ம டவுன் சிசில (சைபர் கஃபேல) உட்கார்ந்து கவுண்டர்-ஸ்ட்ரைக் துப்பாக்கி ஆட்டம் விளையாடினவங்களுக்கு, அதுல வர்ற டஸ்ட் 2ங்கற மேப், அதாவது சண்டைக் களம், பத்தி விளக்கவே வேணாம். ஸ்கூல் முடிஞ்ச கையோட தோட்டத்துல இருந்து மோட்டார்ல இறங்கிடுவோம். 2001ல டேவ் ஜான்ஸ்டன் செஞ்ச மேப் அது. டி (தீவிரவாதி அணி) பக்கம் நின்னு மிட் கதவு, அதாவது நடுப்பாதைக் கதவு, இடுக்குல ஸ்னைப்பரை வச்சுக் காத்திருந்தா, பி-ங்கற குண்டு வைக்கிற இடத்தைக் காக்க ஓடற சிடி (எதிரணி) ஆளு அதைத் தாண்டித்தான் ஆகணும். அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். குதிப்பானா, ஒரு நொடி நின்னு ஓடுவானா, அவ்வளவுதான் கேள்வி. எதிர் வரிசை அண்ணன் நாற்காலி கிறீச்சுன்னா அவர் கிளம்பிட்டார்னு அர்த்தம்.

2021 நவம்பர்ல பேட்டில்ஃபீல்டு 2042 வந்தப்ப, 128 பேர் ஆட்டம்னு ஆசையா வாங்கினேன். அதுல ஹவர்கிளாஸ்ங்கற மேப்புல, பிடிக்க வேண்டிய ஒரு கொடியில இருந்து இன்னொரு கொடிக்கு மணல்ல ஓடியே பாதி நேரம் போயிடும். மறுநடவு செஞ்ச செம்பனைக் காடு மாதிரி, இந்தக் கோடியில நின்னா அந்தக் கோடி தெரியும், ஒதுங்க இடமில்ல. யார் சுட்டான்னே தெரியாம செத்தா அடுத்த ரவுண்டுக்கு என்னத்தக் கத்துக்கறது? என் வருத்தமே அதுதான்.

*

அண்ணே, பெருசா இருக்கறது குத்தமில்ல. பழைய பேட்டில்ஃபீல்டு 2ல கார்க்கான்ட் மேப்புல 64 பேர் ஆடினோம். அமெரிக்கப் படை முதல்ல ஹோட்டலைப் பிடிக்கணும், அப்புறம் சந்து சந்தா முன்னேறணும். டாங்க் வந்தாலும் பதுங்க ஒரு சுவர் இருக்கும். 2042லயே மேனிஃபெஸ்ட் மேப் ஆடிப் பாருங்க, சிங்கப்பூர் பிரானி தீவுத் துறைமுகம். கன்டெய்னர் அடுக்குங்களுக்கு நடுவுல திருப்பத்துக்குத் திருப்பம் ஆள் இருப்பான். நான் இப்ப ஜேபில (ஜொகூர் பாருல) இருந்து தினம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவன். நம்ம பக்கத்து ஊரை அந்த மழையோட திரையில பார்த்தது அவ்வளவு சந்தோஷம்.

*

நான் ஆரம்பிச்சதே சிஎஸ் 2ல (புது கவுண்டர்-ஸ்ட்ரைக் 2ல) தான். அதோட டஸ்ட் 2ல டி ஆளுங்க கிளம்பற இடத்துல இருந்து மிட் கதவு தெரியாது, மறைச்சுட்டாங்க. உங்களுக்கு அது இழப்பு, புரியுதுண்ணே. ஆனா சிடியா ஆடற எனக்கு, ஆரம்பிச்ச உடனே சாகாம பி போய்ச் சேர முடியுது.

2042ஐ மட்டும் அப்படியே ஒதுக்கிடாதீங்க. 2022ல அதோட கலைடோஸ்கோப், ரினியூவல் மேப்புங்களைத் திருத்தினாங்க. வெட்டவெளியில தடுப்புங்களைக் கூட்டியிருக்காங்க. முன்னாடி ஹெலிகாப்டருக்குப் பயந்து நகராம கிடந்த இடத்துல இப்ப எங்க ஸ்குவாடு ஒவ்வொரு தடுப்பா நின்னு கொடி வரைக்கும் போயிடுது.