ராணுவ ஒமேகா வாட்ச், 45,000 ரூபாய்: நம்பி வாங்கலாமா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
ஓசூரில் ஒருத்தர் பழைய ராணுவ ஒமேகா தருகிறார். கருப்பு டயல், அதில் அம்புக்குறி, ஆறு மணிக்கு மேல் குட்டி வினாடி முள். பின்மூடியில் டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. (தண்ணீர் புகாத கைக்கடிகாரம் என்பதன் ராணுவச் சுருக்கம்), பிரிட்டிஷ் அரசு முத்திரையான அம்பு, ஒய் எழுத்தோடு ஒரு நம்பர். 1944 கொஹிமா சண்டையில் தாத்தா கட்டியிருந்ததாம். இருட்டில் எண்கள் பச்சையாகப் பளிச்சென்று எரிகின்றன. நாளைக்குள் பதில் கேட்கிறார்.

பதில் 1 (தருமபுரி):
முதல்ல கொஹிமா கதையை ஓரம் கட்டுங்க சார். பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 12 கம்பெனிகள் செய்த மாடல் இது. கைக்கு வந்ததே 1945-ல். கொஹிமா சண்டை 1944 ஜூன்லயே முடிஞ்சுது. கதை பொய்னா வாட்சும் பொய்னு இல்லை, ஆனா கதைக்குன்னு தனியா காசு தராதீங்க.

அப்புறம் அந்தப் பச்சை வெளிச்சம். இருட்டில் எரியறதுக்காக அந்தக் காலத்துல பூசின அசல் ரேடியம் பூச்சு இப்ப எரியாது. ரேடியம் தீர்ந்துபோகலை, அதோட பாதி ஆயுளே 1,600 வருஷம். கூடக் கலந்த, வெளிச்சம் தர்ற துத்தநாக சல்பைடுதான் செத்துப்போகுது. பளிச்சுனு எரிஞ்சா யாரோ புதுசா பூசியிருக்காங்க.

பதில் 2 (ஓசூர், வாட்ச் ரிப்பேர்):
அண்ணன் சொன்னது சரி. ஆனா டயல் மாறினதை மட்டும் வச்சு டூப்ளிகேட்னு சொல்லிட முடியாது. ரேடியம் டயலைக் கழற்றிட்டு, ரேடியத்துக்குப் பதிலா வந்த டிரிட்டியம் பூசின டயலை ராணுவமே பின்னாடி மாட்டினதுண்டு. அதுல வட்டத்துக்குள்ள 'டி' இருக்கும். அதுவும் இன்னிக்கு இப்படி எரியாது.

மூடியை லென்ஸ்ல பாருங்க. பழைய கீறல் எழுத்து மேல ஏறிப் போகணும். கீறலை வெட்டிக்கிட்டு எழுத்து போச்சுன்னா அது புது வெட்டு. அப்புறம் மூடியைத் திறக்கச் சொல்லுங்க. மெஷின் செம்பு நிறத்துல, 30டி2-ங்கற ஒமேகா மாடலா, 15 கல் (தேய்மானம் குறைக்க வைக்கிற குட்டிக் கற்கள்), 10-ல தொடங்குற எட்டு இலக்க நம்பரோட இருக்கணும். திறக்க மாட்டேன்னு சொன்னா கிளம்பி வந்துடுங்க. அசல் ரேடியம் டயலா இருந்தா யாரும் சுரண்டக் கூடாது, அந்தத் தூசி உள்ள போனா ஆபத்து.

கேட்டவர்:
திறந்தார். மெஷின் வெள்ளை நிறம், 17 கல், ஒமேகா பெயரே இல்லை. ஆட்டம் நிற்க ஓரத்தில் பித்தளை வளையம் வைத்து இறுக்கியிருக்கிறது.

பதில் 2:
வளையமே சொல்லிடுச்சே! வேற வாட்ச் மெஷினைப் பெரிய கூட்டுக்குள்ள திணிச்சிருக்காங்க. விட்டுடுங்க.

பதில் 1:
ராணுவ மாடல்தான் வேணும்னா நம்ம ராணுவத்துக்காகச் செய்த எச்.எம்.டி. ஜவான் தேடுங்க, விலையும் கையைக் கடிக்காது. எச்.எம்.டி.யோட சாதா மாடலான ஜனதா மெஷின்ல ஜவான் டயல் ஒட்டி விக்கிறவங்களும் இருக்காங்க, அதையும் திறந்து பார்த்தே வாங்குங்க.