நுண்ணரி, முன்னரி, கரியரி: காற்றுத் தூய்மிப்பானின் உறுப்புகளுக்குப் பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

> ‘வடிகட்டி’ என்று நல்ல சொல் இருக்கும்போது ஃபில்டருக்குப் புதுச்சொல் எதற்கு?

காற்றுத் தூய்மிப்பானின் (ஏர் பியூரிஃபையர்) உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் மடலாடலில் எழுந்த இந்தக் கேள்விக்கு என் வீட்டில் நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன். நாங்கள் தில்லியில் இருக்கிறோம். போன நவம்பரில் வெளியூரிலிருந்து அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, “மெஷின்ல இருக்கிற வடிகட்டியக் கழுவிக் காயவச்சிரும்மா” என்றேன். நான் மனத்தில் வைத்திருந்தது முகப்பில் தலைமுடியும் தூசும் படியும் வலையை. அம்மா உள்ளே இருந்த ஹெப்பாவையும் (HEPA, மிக நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் ஃபில்டர்) கழற்றிக் குழாயடியில் அலசிவிட்டார். டீ வடிகட்டியைக் கழுவுகிறோம், எண்ணெய் வடிகட்டியைக் கழுவுகிறோம். அந்தச் சொல்லைக் கேட்டவர் வேறென்ன செய்வார்? சாதாரண ஹெப்பா நனைந்தால் இழைகள் குலையும், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினோம். கழுவ வேண்டியதற்கும் கழுவவே கூடாததற்கும் ஒரே பெயர் இருப்பதுதான் சிக்கல்.

‘சல்லடை’யும் வேண்டாம் என்பேன். சல்லடை ஓட்டையின் அளவால் பிரிப்பது. ஹெப்பா அப்படி வேலை செய்வதில்லை. அது நுண்ணிழைகள் பின்னிக் கிடக்கும் ஒரு காடு. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி துகளைவிடப் பெரியது. பருத்த துகள் காற்றோடு வளைந்து போகமுடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியது தாறுமாறாக அலைந்து ஏதாவது ஓர் இழையில் மாட்டும். இரண்டுக்கும் நடுவே, 0.3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவில் இருப்பதைப் பிடிப்பதுதான் கடினம். அதனால்தான் அந்த அளவிலேயே சோதித்து, 99.97 விழுக்காடு பிடிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தரம் கேட்கிறது. 10,000 துகள் போனால் 3 தான் தப்பலாம்.

என் பரிந்துரை ‘அரி’. நன்னூல் கடைமாணாக்கருக்கு உவமையாகச் சொல்லும் ‘நெய்யரி’ நினைவிருக்கும். நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது. உரைகாரர்கள் அதைப் பன்னாடை என்கிறார்கள், அதாவது தென்னை மட்டையடியில் இருக்கும் இழைப் பின்னல். மாணவனுக்கு அது குறை. காற்றைத் தூய்மையாக்கும் கருவிக்கோ அதுதான் வேலை, அதுவும் இழைப் பின்னலாலேயே. அரிசியில் கல் அரிப்பதையும் பாருங்கள். அங்கே ஓட்டையே கிடையாது. எடையும் ஓட்டமும்தான் பிரிக்கின்றன. ‘அரித்தல்’ ஓட்டையைச் சார்ந்த சொல் இல்லை என்பதற்கு நம் சமையலறையே சான்று.

ஆகவே: முகப்பு வலை ‘முன்னரி’, ஹெப்பா ‘நுண்ணரி’, நாற்றத்தைப் பிடிக்கும் கரித்தட்டு ‘கரியரி’. முன்னரியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். நுண்ணரியைக் கழுவாமல் மாற்ற வேண்டும். ‘அரி’க்கு வேறு பல பொருள் உண்டே என்பார்கள், கூட்டுச்சொல்லில் அந்தக் குழப்பம் வராது. ஒன்றை மட்டும் உறுதியாகக் கேட்கிறேன்: கடைகளில் ‘ஹெப்பா வகை’ என்று அச்சிட்டு விற்பதற்கெல்லாம் இந்தப் பெயரைக் கொடுக்க வேண்டாம். தரத்தை எட்டியதுதான் நுண்ணரி.

அடுத்து, ‘சி.ஏ.டி.ஆர்.’ (CADR), அதாவது கருவி குறித்த நேரத்தில் எவ்வளவு தூய காற்றைத் தருகிறது என்னும் அளவு. முந்தைய மடலில் வந்த ‘தூய காற்று விநியோக வீதம்’ பொருளில் சரி, ஆனால் வாயில் நிற்காது. மேட்டூர் அணைக்கு ‘நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி’ என்று காலங்காலமாகச் செய்தியில் கேட்கிறோம். ‘தூய்காற்று வரத்து’ என்றால் போதாதா? அறைக்குள் வருவதுதானே கணக்கு. கன அடியில் கணக்கிட்டால் அலகும் அதேதான். 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1,200 கன அடிக் காற்று. அதை மணிக்கு ஐந்து முறை தூய்மையாக்க 6,000 கன அடி வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 100. கருவி வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் எண் இதுதான். அதிக வேகத்தில் ஓட்டி அளந்த எண் அது என்பதால், இரவில் சத்தமில்லாமல் ஓடும்போது வரத்து குறையும். கொஞ்சம் கூடுதலாகப் பார்த்து வாங்குவது நல்லது.

காற்றுக்கு மின்னூட்டம் தந்து தூசைப் படியவைக்கும் உறுப்புக்கு (ஐயோனைசர்) ‘அயனியாக்கி’ என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அப்படியே இருக்கட்டும். ஆனால் சொல்விளக்கத்தில் ‘சிலவற்றில் ஓசோன் உண்டாகும், அது நுரையீரலுக்குக் கெடுதல்’ என்ற வரியைச் சேர்த்தே ஆக வேண்டும்.

எனக்கு விடை கிடைக்காத இடம் ஒன்று உண்டு. நுண்ணரி நாளாக ஆக அடைபடும், காற்று குறையும். ‘அடைப்பு’ என்று சொல்லிவிடலாம். கரியரி அடைபடுவதில்லை. கரியின் பரப்பில் இடம் தீர்ந்துபோகிறது. பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், நாற்றம் மட்டும் திரும்ப வரத் தொடங்கும். அதற்கு ‘பற்றுத்தீர்வு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வேதியியல் கற்பிக்கும் நண்பர்கள் இது பொருந்துமா என்று சொல்லுங்கள்.