மறு: [கலைச்சொல்] வாடிய பூவை வெட்டும் வேலைக்கு என்ன பெயர்?

ம.: அனைவருக்கும் வணக்கம். வெட்சிச் செடி வளர்ப்புக் கையேட்டை நாளை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். ‘டெட்ஹெடிங்’ என்ற ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். பூத்து ஓய்ந்த கொத்தைக் காய் பிடிக்குமுன் வெட்டிவிடும் வேலை. கிளை வெட்டுவதற்குச் சொல்வதுபோல் ‘கவாத்து’ என்று போட்டுவிடலாமா?

த.: வேண்டாம் அம்மா. அது படைப்பயிற்சியோடு வந்த உருதுச் சொல். அரும்பு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பருவத்துக்கொரு பெயர் வைத்திருக்கும் நமக்கு இரவல் எதற்கு? ‘வீக்களைவு’ என்க. வீதல் என்றால் சாதல். ‘வீழ்’ என்பதும் இவ்வேரில் கிளைத்ததே என்பது என் துணிபு.

செ.: ஐயா, வீக்கத்துக்கு மருந்து என்று நினைத்துக்கொள்வார்கள். தவிர, வீ என்பது உதிர்ந்த பூ. உதிர்ந்ததைப் பெருக்கத்தான் முடியும். செம்பருத்தி தானே விழுந்துவிடும். வெட்சியில் பூ கொட்டினாலும் கொத்துக்காம்பு கிளை நுனியிலேயே காய்ந்து நிற்கும். அதற்குக் கீழுள்ள முதல் இலைக்கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் பக்கத்தளிர் வெடிக்கும், அதன் நுனியில் அடுத்த கொத்து. கவாத்து என்று எழுதினால் ஆள் கிளையையே இறக்கிவிடுவார், வரவேண்டிய அரும்பும் சேர்ந்து போகும். என் மறுப்பு அதற்குத்தான். உருது என்பதற்காக அல்ல.

த.: வாடி நிற்பதென்றால் ‘செம்மல்’. செம்மல் களைவு!

மு.: தலைவர்களுக்குப் பட்டமாகிவிட்ட சொல் ஐயா. ‘செம்மலைக் களைக’ என்று அச்சிட்டால் மறியல்தான். குறிஞ்சிப்பாட்டிலோ அது தனியொரு பூவின் பெயர்.

த.: அந்நாளில் பகைவரின் ஆநிரை கவரப் போனவர் சூடிய பூ வெட்சி. ‘தலைகொய்தல்’ என்றாலும் தகும் :-)

ம.: ‘கொத்துக் கிள்ளல்’?

செ.: நுனி கிள்ளுவது வேறு, இளஞ்செடி கிளைக்கச் செய்வது.

மு.: ‘வாடல் நீக்கம்’?

செ.: வாடல் நோய்க்கு மருந்து தேடுபவர்கள் வந்து நிற்பார்கள். ‘வாடல்பூ நீக்கம்’ என்றால் குழப்பமில்லை.

க.: வாடற்பூ.

மு.: வேற்றுமைப் பொருளில்லாத அல்வழிச் சேர்க்கையில் லகரம் உறழும், அதாவது றகரமாகத் திரியலாம், திரியாமலும் நிற்கலாம். நன்னூல் இரண்டுக்கும் இடம் தருகிறது.

க.: இடம் தருகிறது, காது தரவில்லை.

ம.: சரி, ‘வாடற்பூ நீக்கம்’ என்றே அனுப்புகிறேன். முதலிடத்தில் மட்டும் ‘காய்ந்த கொத்தை வெட்டுதல்’ என்று விளக்கமும் சேர்க்கிறேன்.

செ.: அந்த விளக்கத்தையே சொல்லாக வைத்திருக்கலாம்.

த.: என் வாக்கு செம்மலுக்கே. பின்னிணைப்பிலாவது போடுங்கள்.