தாத்தாவின் மில் காகிதங்களைப் பெரியப்பா ஆவணக் காப்பகத்தில் கொடுத்தார். இப்போது சித்தப்பா மகன் திரும்பக் கேட்கிறான்

மஞ்சக்குப்பத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கதை.

எங்கள் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், முதலியார்பேட்டை ரோடியர் மில்லில் நெசவு வேலை பார்த்தவர். 1936 ஜூலை 30-ல் பாண்டியில் துப்பாக்கிச் சூடு நடந்து 12 மில் தொழிலாளர்கள் செத்தார்களே, அந்தக் காலத்துச் சங்க ஆள். துண்டறிக்கைகள், சந்தா நோட்டு, தமிழிலும் பிரெஞ்சிலும் வந்த கடிதங்கள், பென்சிலில் அவரே எழுதிய நாட்குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். 1961-ல் பாண்டியிலேயே தவறிவிட்டார். பெட்டி மூத்தவரான பெரியப்பாவிடம் போனது. குடும்பம் கடலூருக்கு வந்தபோது பெட்டியும் வந்தது. தொண்ணூறுகளில் பெரியப்பா அதைக் கொண்டுபோய் ஓர் அரசு ஆவணக் காப்பகத்தில் கொடுத்தார். எது என்று கேட்காதீர்கள், அங்கே இருப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் கொடுத்தது நல்லதுக்குத்தான். 2011 தானே புயலில் எங்கள் வீட்டில் முன்பு அந்தப் பெட்டி இருந்த அறையின் ஓடு முழுக்கப் பறந்தது.

பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவருமே இப்போது இல்லை. சித்தப்பா மகன் சென்னையில் இருக்கிறான். அவன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறான்: பெட்டி மூன்று பேருக்கும் பொது, பெரியப்பா தனியாகக் கொடுத்தது செல்லாது, பத்திரம் எதுவும் பதியவில்லை, திருப்பிக் கொடு என்று. பழம்பொருள் வாங்குகிற ஒருவர் அவனிடம் விலை பேசிவிட்டதாகப் பெரியப்பா மகள் சொல்கிறாள். காப்பகமோ “நீங்களே குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லிப் பெட்டியை யாருக்கும் காட்டுவதில்லை. அதை வைத்து முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்த பெண் பாதியில் நிற்கிறாள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

எங்கள் கையில் இருப்பது ஒரு பக்கக் கடிதம். “தங்கள் தந்தையாரின் ஆவணங்கள் நன்றியுடன் பெறப்பட்டன” என்று இருக்கிறது. பட்டியல் கிடையாது. பெட்டியைக் கொடுக்கும்போது எடுத்த போட்டோ ஒன்று உண்டு. அதில் சித்தப்பா பக்கத்தில் நின்று சிரிக்கிறார். ஆனால் எண்பது தாண்டிய அத்தை வேறு மாதிரிச் சொல்கிறார்: “அண்ணன் பத்திரமா வச்சிருக்கத்தான்டி குடுத்துச்சு, தானமா குடுக்கல.”

அத்தை சொல்வதால் எல்லாம் கெட்டுவிடுமா?

வில்லியனூர் பையன் எழுதியது:

அக்கா, பேசாமல் தம்பியோடு சேர்ந்து வாங்கிவிடுங்கள். அரசு இடத்தில் போட்டது போட்டதுதான். டெல்லியில் நேரு நினைவு அருங்காட்சியக நூலகத்திலிருந்து நேரு காகிதங்கள் 51 பெட்டி 2008-ல் சோனியா காந்தியிடம் போய்விட்டு, இப்போது அந்த நிறுவனமே திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அவ்வளவு பெரிய இடத்திலேயே எது யாருடையது என்று தெரியவில்லை, நம் மில் நோட்டீஸை யார் பார்க்கப் போகிறார்கள்?

ராமபாணம் எழுதியது:

அம்மா, நான் பதிவறைகளிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். வில்லியனூர் தம்பி சொல்வதைக் கேட்காதீர்கள். நேரு காகிதத்தில் சண்டை ஓயாததற்குக் காரணமே, தந்தது முழுசாகத் தந்ததா, குடும்பத்துக்குப் பிடி வைத்துக்கொண்டு தந்ததா என்பதில் இரு தரப்புக்கும் இரண்டு கதை இருப்பதுதான். உங்கள் வீட்டிலும் இதே கதை. “யாருடையது” என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பத்து வருஷம் போகும். அன்றைக்கு என்ன நடந்தது என்று தேடுங்கள், அது எழுத்தில் இருக்கிறது. உங்களிடம் இல்லை, அவர்களிடம் இருக்கிறது.

எங்கே என்றால், முதலில் வரவுப் பதிவேடு. எந்தப் பொருள் உள்ளே வந்தாலும் ஒரு வரிசை எண் போட்டு, யார் கொடுத்தார், எப்படி வந்தது என்று எழுதுவோம். விலைக்கு வாங்கியதா, நன்கொடையா, இரவலா என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். அடுத்தது அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்கள். ஆபீஸில் கடிதம் ஒரு பக்கம், குறிப்பு ஒரு பக்கம் ஓடும். வெளியே போன கடிதம் “நன்றி” என்று மட்டும் சொல்லும். உள்ளே எழுத்தர் மேலதிகாரிக்கு “மேற்படியார் நிபந்தனை இன்றித் தர இசைகிறார்” என்று எழுதியிருப்பார். அல்லது “கேட்கும்போது திருப்பித் தர வேண்டும் என்கிறார்” என்று எழுதியிருப்பார். எது இருந்தாலும் உங்கள் அத்தையின் நினைவை விட அது கனம்.

இன்னொன்று, காகிதத்தையே பாருங்கள். காப்பகத்தின் ரப்பர் முத்திரை ஒவ்வொரு தாளிலும் விழுந்திருக்கிறதா? பென்சிலில் தாள் எண் போட்டிருக்கிறார்களா? கிழிசலுக்கு மெல்லிய ஜப்பான் தாள் ஒட்டியிருக்கிறார்களா? நாங்கள் இரவலாக வந்த கட்டில் முத்திரை குத்த மாட்டோம். ஒருமுறை ஒரு பண்ணையார் வீட்டுக் கணக்குக் கட்டுகளுக்கு இதே மாதிரிச் சண்டை வந்தது. பதிவேட்டில் சிவப்பு மையில் “திருப்பத்தக்கது” என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். மறுபேச்சே இல்லை, வண்டியில் ஏற்றிக் கொடுத்தோம். எனக்கு வயிறு எரிந்தது, ஆனாலும் அது நியாயம்.

அத்தை சொல்வதையும் தள்ளாதீர்கள். தங்கை எதிரில் அண்ணன் எப்படிப் பேசுவார்? “பத்திரமா இருக்கட்டும்னு குடுத்தேன்” என்பார். நன்கொடை கொடுத்தவர்களும் வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள். திருப்பிக் கேட்கும் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி. அதன் பிறகு பெரியப்பா எப்போதாவது போய்ப் பெட்டியைக் கேட்டாரா, அல்லது பார்க்கிறவர்களைப் போல விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் படித்தாரா என்று அத்தையிடம் நிதானமாகக் கேளுங்கள்.

பிரெஞ்சுக்காரர்களிடம் பாண்டியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நினைத்துப் பாருங்கள். 1761-ல் அவர் போனபிறகு அது வீட்டிலேயே கிடந்தது. 1846-ல் கலுவா மோம்ப்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டு படியெடுக்க ஏற்பாடு செய்தார். ஆரியேல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் எடுத்த படிகள் பாரிசுக்குப் போயின. சில பகுதிகளுக்கு இன்று மூலமே இல்லை, படி மட்டும்தான். ஆகவே வழக்கு எந்தப் பக்கம் போனாலும் இப்போதே உங்கள் பெட்டியை முழுசாக ஸ்கேன் செய்யச் சொல்லி மூன்று வீட்டாரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டுக் கேளுங்கள். அதற்கு யாரும் உரிமை நிரூபிக்க வேண்டியதில்லை.

கோர்ட்டு வாசல் எழுதியது:

கடலூரில் வக்கீல். ராமபாணம் ஐயா சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் பதியாததால் செல்லாது என்பது வெறும் மிரட்டல். சொத்துரிமை மாற்றச் சட்டம் 123-ஆம் பிரிவுப்படி அசையும் பொருளைக் கையில் கொடுத்தாலே தானம் முடிந்தது. 122-ன்படி கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே மற்றவர் ஏற்றிருக்க வேண்டும். உங்கள் நன்றிக் கடிதம் அதற்குப் போதும்.

மூன்றில் ஒரு பங்கு என்ற பேச்சில் விஷயம் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் பாண்டிக்கு 1963-ல்தான் வந்தது. தாத்தா 1961-லேயே போய்விட்டார். ஆகவே பிரெஞ்சுக் காலத்தில் அங்கே இருந்த இந்து வழக்கச் சட்டம்தான் பேசும். கடலூரில் மகனுக்குப் பிறப்பாலேயே பூர்வீகச் சொத்தில் பங்கு. பாண்டி வழக்கத்தில் தகப்பன் இருக்கும்வரை அவரே முழு உரிமையாளர். நம்மூர் வக்கீல்கள் தடுமாறும் இடம் இது. 1881 ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து குடும்பப் பெயர் வைத்துக்கொண்ட ரெனோன்சான் குடும்பமா என்றும் பாருங்கள். அப்படியானால் பிரெஞ்சு சிவில் சட்டம், கணக்கே வேறு. எதுவானாலும் மூன்று மகன்களுக்கும் பங்கு இருந்தது என்றே வைப்போம். சித்தப்பா பக்கத்தில் நின்று சிரித்த போட்டோவைப் பத்திரப்படுத்துங்கள். தெரிந்தே நின்றார், ஆயுசு முழுக்கக் கேட்கவில்லை. நீதிமன்றம் அதைச் சம்மதமாகப் பார்க்க நல்ல வாய்ப்பு.

காலவரையறை வேறு. 1963 காலவரையறைச் சட்டத்தின் 70-ஆவது உறுப்புப்படி, வைத்திருக்கக் கொடுத்த பொருளாக இருந்தால், கேட்டு மறுத்த நாளிலிருந்துதான் மூன்று வருஷம் ஓடும். அதாவது அத்தையின் வாக்கியம் தம்பியின் வக்கீல் காதில் விழுந்தால் அவருக்குத் தீபாவளி. அதற்காக அத்தையைப் பொய் சொல்லச் சொல்லாதீர்கள். ஐயா சொன்ன பதிவேட்டை முதலில் எடுங்கள்.

காகிதம் யாருடையது என்பது வேறு, அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை வேறு. கடிதத்தாள் பெற்றவருடையது, எழுத்து எழுதியவருடையது. நாட்குறிப்பு அச்சேறாதது, அதை வெளியிடும் உரிமை தாத்தாவின் வாரிசுகளுக்கு, பெட்டி காப்பகத்தில் இருந்தாலும். ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் ஒரு விலக்கு உண்டு: பொதுமக்கள் போகக்கூடிய நூலகத்திலோ நிறுவனத்திலோ உள்ள அச்சாகாத எழுத்தை, எழுதியவர் இறந்து 60 வருஷம் கழித்து ஆய்வுக்குப் படியெடுக்கலாம். தாத்தாவுக்கு அது 2021-லேயே முடிந்தது. அந்த ஆய்வு மாணவியை இந்த வரியோடு அனுப்புங்கள். உரிமைச் சண்டை நடக்கிறது என்பதற்காகப் பார்வைக்கே மூடுவது தேவையில்லாத பயம்.

பழம்பொருள் ஆசாமிக்கும் ஒரு சேதி. 1972 தொல்பொருள் சட்டத்தில் 75 வருஷம் தாண்டிய வரலாற்று ஆவணமும் தொல்பொருள்தான். வெளிநாட்டுக்கு அனுப்பினால் குற்றம். இதைத் தம்பியிடம் யாராவது பெரியவர் சொன்னால் பாதி ஆசை வடிந்துவிடும்.

மஞ்சக்குப்பத்துக்காரி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. அத்தையிடம் கேட்டேன். பெரியப்பா இரண்டொரு தடவை போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அங்கேயே மேசையில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தாராம். “நம்ம பெட்டியப் பாக்க நாமளே கையெழுத்துப் போடணுமான்னு சிரிச்சாரு” என்கிறார். ரெனோன்சான் இல்லை, எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது.

தம்பியிடமும் பேசினேன். அவனுக்குப் பணம் ஒரு பக்கம். தாத்தா பேரே அங்கே எங்கும் இல்லை, “தனியார் காகிதங்கள்” என்று பொதுவாகப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்ற கோபம் இன்னொரு பக்கம். அது நியாயம்தானே? கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்க வழி உண்டா?

கோர்ட்டு வாசல் எழுதியது:

உண்டு. காப்பகம் இருக்கும் ஊருக்கான சட்டப் பணிகள் ஆணையத்தில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் வைக்கலாம். கட்டணம் இல்லை, தீர்வு கோர்ட்டுத் தீர்ப்பாணைக்கு (டிக்ரிக்கு) சமம், மேல்முறையீடு கிடையாது. மூலம் காப்பகத்திலேயே இருக்கும், தாத்தா பெயரில் தொகுப்பு, மூன்று வீட்டுக்கும் ஸ்கேன் படி, நாட்குறிப்பை நூலாக்கும் உரிமை குடும்பத்துக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். காப்பகம் கையெழுத்திடத் தயங்காது, அவர்களுக்கும் இது தலைவலிதான்.

ராமபாணம் எழுதியது:

அதற்கு முன் தகவல் உரிமை மனு போடுங்கள், பத்து ரூபாய்தான், முப்பது நாளில் பதில் வர வேண்டும். “நன்கொடைப் பத்திர நகல்” என்று கேட்காதீர்கள். அப்படி ஒன்று இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வரவுப் பதிவேட்டில் அந்தப் பதிவு உள்ள பக்கம், அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்கள், பழுதுபார்ப்புப் பதிவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிட வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.