வியாசர்பாடியில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த முன்னாள் ராணுவ வீரர்: நிதி திரட்ட எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர்: வியாசை கோல்கீப்பர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பிளாக்கில் இருக்கும் ஒரு அண்ணனுக்காக எழுதுகிறேன். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 17 வருடம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மிலிட்டரி அண்ணன் என்றால்தான் ஏரியாவில் தெரியும். எங்கள் கிளப் பையன்களை விடியற்காலையில் எழுப்பி மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர் அவர்தான். அப்படி ஓடியதில் இரண்டு பேர் இன்று போலீஸில் இருக்கிறார்கள்.

ஓய்வுக்குப் பிறகு மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக வேலை பார்த்தார். நான்கு மாதம் முன்பு நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது டிரெய்லர் லாரி இடித்துவிட்டது. முதுகெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, உயிர் பிழைத்துவிட்டார். தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கை இரண்டும் நன்றாக இருக்கிறது.

வீடு இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் நாங்கள் நான்கு பேர் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்துத் தூக்கி இறக்குகிறோம். படிக்கட்டுத் திருப்பத்தில் சேர் சாயும்போது அவர் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அண்ணி எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டார். பென்ஷன் வருகிறது. ஆனால் இரண்டு பிள்ளைகள் படிப்பு, பழைய கடன், வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்கு தினமும் கொடுப்பது எல்லாம் போக ஒன்றும் மிஞ்சவில்லை.

இணையத்தில் நிதி திரட்டும் தளம் ஒன்றில் 15 லட்சம் என்று போடலாம், யூனிபார்ம் போட்ட பழைய போட்டோவோடு பிளெக்ஸ் வைக்கலாம், கிளப் சார்பில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து டோர்னமென்ட் ஒன்று நடத்தலாம் என்று பேசியிருக்கிறோம். முதலில் பேட்டரி வீல்சேர் வாங்குவதாக எண்ணம். பணத்தை யார் கணக்கில் வாங்குவது, என்னென்ன வாங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அண்ணி சரி என்றுவிட்டார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

பதில்: ஆவடி சுபேதார்

தம்பி, வசூலுக்கு முன்னால் அவருக்குச் சேர வேண்டியதை வாங்குங்கள். பென்ஷன் வாங்குகிறவர் என்றால் இ.சி.ஹெச்.எஸ். உறுப்பினராக இருக்க வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்காக 2003இலிருந்து நடக்கிற மருத்துவத் திட்டம் அது. அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கிக்கொண்டு அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் போனால் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. வீல்சேர் மாதிரி உபகரணங்களும், டாக்டர் எழுதிக்கொடுத்தால், அரசு நிர்ணயித்த விலை வரைக்கும் திரும்பக் கிடைக்கும். தினமும் கைக்காசு போட்டு பிசியோ செய்கிறார்கள் என்றால் கார்டு சும்மா கிடக்கிறது என்று அர்த்தம். அவசரத்துக்கு வேறு ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும், இதை அண்ணியிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்து ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு, ஊனச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பணியை விட்டு வந்த பிறகு 50 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் ஏற்பட்டவர்களுக்கு, பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வாங்க டெல்லியில் உள்ள கேந்திரிய சைனிக் போர்டு (முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய வாரியம்) உதவித்தொகை தருகிறது. அதற்கு இந்த அலுவலகத்தின் பரிந்துரை வேண்டும்.

டோர்னமென்ட்டை டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளை ஒட்டி வைத்தால் பொருத்தமாக இருக்கும். ஆனால் நோட்டீஸிலோ ரசீதிலோ கொடிநாள் நிதி என்று போடாதீர்கள். அது அரசு திரட்டும் நிதி.

பதில்: கொருக்குப்பேட்டை அக்கா

தம்பி, என் வீட்டுக்காரரும் பட்டாளத்துக்காரர்தான். பல வருடமாக வீல்சேரில் இருக்கிறார். சுபேதார் ஐயா சொன்னதை அப்படியே செய்யுங்கள். நான் வீட்டுக்குள் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் அண்ணனிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர் வாய் திறக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களையெல்லாம் ஓடவிட்டவர், மெயின் ரோட்டில் பிளெக்ஸில் நின்று பணம் கேட்கிற மாதிரி ஆனால் அவருக்கு எப்படி இருக்கும்? எந்த போட்டோ, என்ன வாசகம், எவ்வளவு தொகை, யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கவே கூடாது, இதையெல்லாம் அவர் வாயால் சொல்லட்டும். முடிந்தால் கணக்கு நோட்டையே அவரிடம் கொடுங்கள். கையும் மூளையும் நன்றாக இருக்கிறவர். ராணுவத்தில் ஹவில்தார் என்றால் ஆளையும் பொருளையும் கணக்கு வைத்துப் பழகியவர். டோர்னமென்ட் டிராவை அவரே போடலாம். இந்த நாலு மாதத்தில் எல்லோரும் அவருக்காக முடிவெடுத்திருப்பார்கள், அது ஒரு மனுஷனை உள்ளுக்குள் சாய்த்துவிடும். என் வீட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பேட்டரி வீல்சேர் இப்போது வேண்டாம். கை நன்றாக இருக்கிறவருக்கு உடம்பு அளவெடுத்துச் செய்த, கையால் தள்ளுகிற நாற்காலிதான் நல்லது. தோளும் பலமாகும். கனமான பேட்டரி நாற்காலியை இரண்டு மாடி யார் தூக்குவார்கள்? ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான நியோஃப்ளை என்ற நாற்காலி அப்படி அளவெடுத்துத் தருவது. 2021இல் வந்தபோது 39,900 ரூபாய். அதன் முன்னால் மாட்டினால் ரோட்டில் வண்டி மாதிரி ஓடுகிற நியோபோல்ட் அப்போது 55,000. இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் நாற்காலி, அவர் ஏறி இறங்கப் பழகிய பிறகு அந்த மோட்டார். அவர் திரும்ப ஒரு வேலைக்குப் போக நினைத்தால் அதுதான் காலாக இருக்கும்.

நாற்காலியைவிட முக்கியம் அதன் மேல் போடுகிற குஷன். இதை மட்டும் சாதாரண பஞ்சில் வாங்கிவிடாதீர்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் எலும்பு அழுத்தினால் அவருக்கு வலி தெரியாது, சதை செத்துப்போகும். தினமும் ராத்திரி அண்ணி வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்று இடத்தையும் பார்க்க வேண்டும். ஒரு கைக்கண்ணாடி இருந்தால் அண்ணனே பார்த்துக்கொள்வார். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் பிழைத்தோம். வெளுக்கவே இல்லையென்றால் புண் ஆரம்பித்துவிட்டது, அந்தப் பக்கம் படுக்கவோ உட்காரவோ கூடாது, டாக்டரிடம் காட்டுங்கள். படுக்கையில் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியும்தான். உட்கார்ந்திருக்கும்போது கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். ஒரு படுக்கைப்புண் வந்தால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. நீங்கள் திரட்டுகிற பணமெல்லாம் அதிலேயே போய்விடும்.

அப்புறம் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் பாத்ரூம் வாசலை அளந்து பாருங்கள். இந்த மாதிரிக் குடியிருப்பில் பெரும்பாலும் இரண்டு அடிதான் இருக்கும். நாற்காலி அதைவிட அகலம். நாற்காலி வந்து இறங்கிய பிறகு இது தெரிந்தால் அவர் கட்டிலோடு கட்டிலாகத்தான் கிடப்பார். வாசலை அகலப்படுத்துவது, வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இதற்கெல்லாம் எந்தத் திட்டமும் சீக்கிரம் பணம் தராது. ஊர்ப் பணம் இதற்குத்தான் வேண்டும். அதற்கும் முன்னால், வாரியக் குடியிருப்பு என்றால், தரைத்தள வீட்டுக்கு மாற்றித் தரச் சொல்லி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளிலும் ஒரு நகல் கொடுங்கள். தரைத்தளத்தில் யாராவது வீடு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தால் அதையும் எழுதி வாங்கி இணையுங்கள்.

15 லட்சம் என்று ஒரே தொகையாகப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் மாதம் எல்லோரும் கொடுப்பார்கள். அடுத்த வருடமும் அவருக்குச் சிறுநீர்க் குழாய் வேண்டும், கையுறை வேண்டும், ஆட்டோ வேண்டும். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் குழாய் போட்டு எடுக்கிற வீட்டில் மாதம் எவ்வளவு ஆகும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அண்ணி திரும்ப வேலைக்குப் போக வேண்டுமானால் பகலில் ஒரு ஆள் துணைக்கு வேண்டும், அந்தச் சம்பளமும் மாதா மாதம்தான். 60 வீடு மாதம் 100 ரூபாய் கொடுத்தால் 6,000. அது நிற்காமல் வந்தால் பெரிய பலம். டோர்னமென்ட் பணத்தை வீட்டு வேலைக்கும் குஷனுக்கும் வையுங்கள், மாதப் பணத்தை இந்தச் செலவுக்கு வையுங்கள்.

மறுவாழ்வுப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981இல் சங்கத்தை ஆரம்பித்தார், 2020இல் பத்மஸ்ரீ வாங்கினார். புனே கிர்க்கியில் ராணுவத்தினருக்கென்றே தண்டுவட மறுவாழ்வு மையம் 1974இலிருந்து இருக்கிறது. அண்ணனுக்கு ரெஜிமென்ட் ஆட்களோடு பேச வேண்டும் போலிருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். 1965 போரில் குண்டடி பட்ட முரளிகாந்த் பெட்கர் 1972இல் ஹைடெல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கியவர், அவரும் ராணுவத்துக்காரர்தான். அண்ணன் விளையாட்டில் பிரியமுள்ளவர் என்பதால் சொல்கிறேன்.

பதில்: பாரிமுனை ஆடிட்டர் ஆபீஸ்

இரண்டு விஷயம் மட்டும். விபத்து நடந்து நான்கு மாதம் என்கிறீர்கள். வாகன விபத்து இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. போட்டாச்சா? இல்லையென்றால் இந்த வாரமே எஃப்.ஐ.ஆர். நகலோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். வருமான இழப்பு, இனி ஆகப்போகும் மருத்துவச் செலவு, துணைக்கு வைக்கும் ஆளின் சம்பளம் எல்லாவற்றையும் அதில் கேட்கலாம். யார்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தார்களா என்றும் சம்பளச் சீட்டில் பாருங்கள். வேலைக்குப் போகும், வரும் வழியில் நடந்த விபத்தையும் பணியின்போது ஏற்பட்ட காயமாக எடுத்துக்கொள்ள ஈ.எஸ்.ஐ.யில் இடம் இருக்கிறது. நீங்கள் திரட்டப்போவதைவிடப் பெரிய தொகை இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது.

அடுத்து கணக்கு. அண்ணன், அண்ணி இருவர் பெயரிலும் கூட்டாகப் புதிதாக ஒன்று தொடங்குங்கள். பென்ஷன் கணக்கோடு கலக்க வேண்டாம். கிளப் பையன் ஒருவரின் ஜி.பே. எண்ணில் வாங்கவே வேண்டாம், நல்ல எண்ணத்தில் செய்தாலும் பின்னால் பேச்சு வரும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் மொத்தமும் அவருடைய வருமானத்தில் சேரும், கணக்குத் தாக்கலில் காட்ட வேண்டும். தனி நபருக்குக் கொடுப்பவர்களுக்கு நன்கொடைக்கான வருமான வரி விலக்கு கிடையாது. பெரிய தொகை கொடுப்பவர்கள் இருந்தால், பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகவோ நேராக நாற்காலிக் கம்பெனிக்கோ கட்டச் சொல்லலாம்.

கேட்டவர்: வியாசை கோல்கீப்பர்

அக்கா, சார், சுபேதார் ஐயா, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று இரவு அண்ணனோடு பேசினோம். பிளெக்ஸ் வேண்டாம் என்றுவிட்டார். மாத வசூலுக்குச் சரி என்றார், ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு மாதமும் செலவுக் கணக்கு கிளப் போர்டில் ஒட்டப்பட வேண்டும், அதை அவர்தான் எழுதுவார். டோர்னமென்ட் நோட்டீஸில் அவர் பெயரைப் போடலாம், போட்டோ கூடாது. இ.சி.ஹெச்.எஸ். கார்டு பீரோவில் இருந்தது. விபத்து மனு போடவில்லை. லாரி நம்பர் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது, நாளைக்கு ஹைகோர்ட் பக்கம் போகிறோம்.

பாத்ரூம் வாசல் இருபத்திரண்டரை அங்குலம். கீழ் வீட்டு ஆயா வீடு மாற்றிக்கொள்ளச் சம்மதம் சொல்கிறார், ஆனால் அவருக்கும் முட்டி வலி, இரண்டு மாடி ஏற வேண்டும். அதை நினைத்தால் கேட்க மனசு வரவில்லை. வேறு வழி இருக்கிறதா அக்கா?

பதில்: கொருக்குப்பேட்டை அக்கா

ஆயாவை மேலே ஏற்ற வேண்டாம் தம்பி. மனுவில் உங்கள் பிளாக் என்று மட்டும் எழுதாமல், பக்கத்து பிளாக்குகளில் காலியாக இருக்கும் தரைத்தள வீடு எதுவானாலும் சரி என்று எழுதுங்கள். ஊனச் சான்றிதழ் நகலை வையுங்கள், அண்ணன் கையெழுத்தோடு கொடுங்கள். பதில் வரும்வரை ஆஸ்பத்திரிக்கு இறக்க பிளாஸ்டிக் சேர் வேண்டாம், கால் விரிந்து உடைந்துவிடும். இரும்புச் சட்டம் போட்ட, கைப்பிடி உள்ள நாற்காலியில் நெஞ்சையும் தொடையையும் பெல்ட் போட்டுக் கட்டி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேராகத் தூக்குங்கள். பெல்ட் அழுத்துகிற இடத்தில் துண்டு மடித்து வையுங்கள்.

குஷனுக்கு டோர்னமென்ட் வரை காத்திருக்காதீர்கள். பாலிகிளினிக்குக்கு முதல் தரம் போகும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.