முழுமுக மாஸ்க்கும் ஸ்நோர்க்கல் குழாயும்: யாழ்ப்பாணக் கடலில் கண்ட பிழைகள்

கரைவலை

ஓகஸ்ட் வந்தால் நல்லூர்த் திருவிழாவுக்கு வாற ஆக்களின்ர சூட்கேசோட, குப்புற மிதந்துகொண்டு கடலடி பார்க்கப் போடுற முழுமுக மாஸ்க்கும் வரும். திரும்பிப் போகேக்க மச்சானுக்கு, மருமகனுக்கு எண்டு விட்டிட்டுப் போவினம். காரைநகர் கசூரினாக் கடற்கரையில இப்ப, கண்ணுக்கு மாஸ்க்கும் வாயில கடிக்கிற ஸ்நோர்க்கல் குழாயுமா வாற பழைய செட்டை விட அதுதான் கூடக் கண்ணில படுது.

இதில ஆர் தாண்டது, ஆர் தூக்கினது எண்ட கதை வேண்டாம். என்ன சாமான், எந்த இடத்தில பிழைச்சது, ஏன் பிழைச்சது, அதை எழுதுங்கோ. சிலிண்டர் போட்டுக் கடலட்டைக்குச் சுழியோடுறது வேற விசயம், அதை இதுக்க கலக்க வேண்டாம்.

நானே தொடங்கிறன். சனம் பயப்பிடுறது தண்ணி உள்ள வந்திடும் எண்டு. ஆனால் கூட ஆபத்து காத்து வாற வழியிலதான். முழுமுக மாஸ்க் பிரபலமானது 2014இல டெகத்லோன் எண்ட விளையாட்டுச் சாமான் கம்பனி ஈசிபிரெத் எண்ட மாஸ்க்கை விட்டாப் பிறகு. அந்த அமைப்பில காத்து ஒரு வழிப்பாதை. மேல் குழாயின்ர நடுப் பாதையால இறங்கி கண்ணுக்கு முன்னால வரும். அங்கயிருந்து மூக்கு, வாயை மூடுற உள் கிண்ணத்துக்க ரெண்டு சின்னச் சிலிக்கன் வால்வால போகும். நீங்கள் விடுற மூச்சு கிண்ணத்தில இருந்து ரெண்டு கன்னப் பக்கத்துப் பாதையால மேல ஏறி வெளிய போகும். விட்ட மூச்சு திரும்பிக் கண் பக்கம் போகாமல் மறிக்கிறது அந்த ரெண்டு வால்வும்தான். மலிவுக் கொப்பிகளில வால்வே இருக்காது, இல்லாட்டில் ஓட்டை மட்டும் இருக்கும். அப்ப மாஸ்க் முழுக்க ஒரே அறை. விட்ட காத்தையே திரும்ப இழுக்கிறியள். தலையிடி, மூச்சு வாங்கல், குழப்பம் எல்லாம் வாறது அதாலதான்.

திருகாணி

கரைவலை சொன்னதை மேசையிலயே சோதிக்கலாம். குழாயைக் கழட்டிப்போட்டு மாஸ்க்கின்ர உச்சி வாயைப் பாருங்கோ. நடுவில ஒண்டு, பக்கத்தில ரெண்டு எண்டு பாதை பிரிஞ்சிருக்கோணும். ஒரே வட்ட ஓட்டை மட்டும் இருந்தால் அதை வைச்சிட்டு வாங்கோ. பிறகு உள் கிண்ணத்தின்ர வால்வு ஒவ்வொண்டையும் ஊதிப் பார்க்கோணும். கண் பக்கத்தில இருந்து ஊதினால் காத்து போகோணும், வாய்ப் பக்கத்தில இருந்து ஊதினால் அடைக்கோணும். ரெண்டு பக்கமும் போனால் வால்வு மடிஞ்சிருக்கு, இல்லாட்டில் மண் சிக்கியிருக்கு.

தண்ணிக்க இருக்கேக்க ஒரு அடையாளம்: கண்ணாடி புகாரடிக்க (ஆவி படிய) தொடங்கினால் விட்ட மூச்சு கண் பக்கம் கசியுது. ஈசிபிரெத் மாதிரி நல்ல மாஸ்க் எண்டாலும் கிண்ணம் முகத்தில சரியா ஒட்டாட்டில் இப்பிடி வரும். தாடிக்காரருக்கும் மெலிஞ்ச முகத்துக்கும் அடிக்கடி நடக்கும். புகாரைத் துடைச்சுப்போட்டு திரும்பப் போறது சரியில்லை. மாஸ்க் உங்கட முகத்துக்கு அளவில்லை எண்டுதான் அதுக்கு அர்த்தம்.

எங்கட ஊருக்கெண்டு ஒரு பிரச்சினையும் இருக்கு. கழுவிறது கிணத்துத் தண்ணியில. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் தண்ணி கேத்தல் அடியில விடுற அதே வெள்ளைப் படை, காய வைச்ச வால்விலயும் விடும். மெல்லிய சிலிக்கன் இதழ், ஓரத்தில மணல் போல ஒரு பொருக்கு இருந்தாலே முழுக்கப் பொருந்தாது. கண்ணால தெரியாது, விரல் நுனியால தடவினால் சொரசொரப்பாத் தெரியும். வினாகிரியும் தண்ணியும் சரிபாதி கலந்து கால் மணித்தியாலம் ஊற விட்டு, மழைத்தண்ணியிலயோ வடிகட்டின தண்ணியிலயோ அலசினால் கழண்டிடும். ஊசி, பிளேட் வைச்சுச் சுரண்டாதேங்கோ, இதழ் கிழிஞ்சால் அவ்வளவுதான். வெயிலில காயப்போடவும் கூடாது, பட்டி கொக்கி போடுற இடத்தில வெடிக்கும். பட்டியை ஒருக்கா இழுத்துப் பார்த்து, மயிரளவு வெடிப்பு இருந்தாலும் மாத்துங்கோ.

இன்னொண்டு. கொட்டிலில தொங்க விட்ட குழாய்க்குள்ள குளவி மண்கூடு கட்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சு உள்ளால பார்க்காமல் வாயில வைக்காதேங்கோ.

பார்மீன்

மாஸ்க்கை இப்பிடிப் பயமுறுத்தத் தேவையில்லை. கொரோனா நேரம் இத்தாலியில ஆஸ்பத்திரியிலேயே நோயாளிக்கு இதைத்தானே போட்டவை? ஆபத்தெண்டால் போடுவினமோ?

கரைவலை

போட்டவை, 2020 மார்ச்சில. ஆனால் குழாயைக் கழட்டிப்போட்டு, முப்பரிமாண அச்சில செய்த ஒரு இணைப்பைப் பூட்டி, அதுக்கால அமுக்கத்தோட ஒட்சிசன் குடுத்தவை. விடுற மூச்சுக்குத் தனி வழி. அங்க காத்தைத் தள்ளினது மெசின். கடலில இழுக்கிறது உங்கட நெஞ்சு. ரெண்டையும் ஒப்பிட ஏலாது.

மருந்துப்பெட்டி

வைத்தியப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

கழுத்துவரை தண்ணீரில் இறங்கினாலே கைகால்களில் இருந்து கிட்டத்தட்ட 700 மில்லிலீற்றர் இரத்தம் நெஞ்சுப் பக்கம் நகர்கிறது. நுரையீரலின் நுண்குழாய்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கும் நேரத்தில், ஒடுங்கிய குழாயால் மூச்சை வலிந்து இழுத்தால் நெஞ்சுக்குள் எதிர்மறை (உறிஞ்சும்) அமுக்கம் கூடுகிறது. இளநீருக்குப் போட்ட ஸ்ட்ரோவை நசுக்கிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சுவது போன்ற இழுவை அது. அந்த இழுவையில் இரத்தத்தின் நீர்ப்பகுதி காற்றறைகளுக்குள் கசிகிறது. அதாவது ஒரு மிடறு கடல்நீர் குடிக்காமலேயே நுரையீரலில் நீர் கட்டுகிறது. ஹவாயில் ஸ்நோர்க்கல் மரணங்களை ஆராய்ந்தவர்கள் இதைத்தான் முக்கிய காரணங்களில் ஒன்றாகக் குறித்தார்கள். குழாயின் தடை, ஏற்கெனவே உள்ள இதய அல்லது நுரையீரல் நோய், கடும் நீச்சல் ஆகிய மூன்றும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

அந்த ஆள் கத்திக் கையடிக்கமாட்டார் என்பதுதான் இதில் கொடுமை. முதலில் காரணமில்லாத களைப்பு, கால் அடிக்க வலுவின்மை. பிறகு மூச்சு போதாமை. அதன் பிறகு இருமல், சிலவேளை இளஞ்சிவப்பு நுரை. குப்புறக் கிடக்கிற ஆளைக் கரையில் இருப்பவர்கள் மீன் பார்க்கிறார் என்றே நினைப்பார்கள்.

மூச்சு முட்டத் தொடங்கினால் நீந்திக் கரைக்கு வர முயல வேண்டாம். மாஸ்க்கைக் கழற்றி, மல்லாக்கத் திரும்பி, கையைத் தூக்குங்கள். கரையில் இருத்திவையுங்கள், கால் கீழே தொங்கட்டும். நினைவுள்ள ஆளைப் படுக்கவைத்தால் மூச்சுத் திணறல் கூடும். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நினைவில்லை, மூச்சும் இல்லை என்றால் நிலைமை வேறு: மல்லாக்கக் கிடத்தி முதலில் 5 தடவை வாயோடு வாய் மூச்சு, பிறகு 30 நெஞ்சமுக்கல், 2 மூச்சு என்று தொடர வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் நேரத்தைத் தின்கிற வேலை. வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகவும் அது வழி செய்யும்.

உயர் குருதி அமுக்கம், இதய நோய், தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் குழாயை வாயில் வைக்கக் கூடாது. கரையில் நன்றாகத்தானே நடக்கிறேன் என்ற நியாயம் தண்ணீருக்குள் செல்லாது. கரைக்கு வந்தபின் ‘இப்ப பரவாயில்லை’ என்று சொன்னாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சங்குகுளி

டொக்டர் குழாயின்ர தடையைச் சொன்னார், நான் முதலில குழாய்க்க நிக்கிற பழங்காத்துக்குக் கணக்குச் சொல்லுறன். சாதாரணக் குழாய் 40 சென்ரிமீற்றர் நீளம், உள்விட்டம் 2 சென்ரிமீற்றர் எண்டு வைச்சால் உள்ளுக்க நிக்கிற காத்து 125 மில்லிலீற்றர் வரும். தொண்டை, மூச்சுக்குழாய்க்க நிக்கிறது இன்னொரு 150. சும்மா இருக்கேக்க ஒரு மூச்சு 500. அப்ப புதுக்காத்து 225தான் உள்ள சேருது. பயந்து 350 அளவில குட்டி மூச்சு எடுத்தால் 75. ஒரு லீற்றர் ஆழ மூச்சு எடுத்தால் 725. மெதுவா, ஆழமா எடுங்கோ எண்டு சொல்லுறதுக்குக் காரணம் இதுதான்.

சில பெடியள் பிவிசி பைப்பை ஒட்டிக் குழாயை நீட்டுறாங்கள். நீளம் கூடினால் நிக்கிற பழங்காத்தும் கூடும். அரை இஞ்சிப் பைப் எண்டால் இழுக்கிறதும் பாடு. சீரான ஓட்டத்தில உள்விட்டம் பாதியானால் தடை 16 மடங்கு. அதோட நெஞ்சு 1 மீற்றர் கீழ போனால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 100 கிராம் பாரம். அதை எதிர்த்து நெஞ்சைத் தொடர்ந்து விரிக்க மனிசத் தசையால ஏலாது. கம்பனிக்காரன் நீட்டாமல் விட்டது காசு மிச்சம் பிடிக்க இல்லை.

என்ர விருப்பம் வளைஞ்ச வெறும் குழாய். வாய் அகலமா, வளைவு மெதுவா, வால்வு ஒண்டும் இல்லாதது. ‘தண்ணி போகாத’ மிதவைத் தலை (தண்ணி வந்தால் மிதவை எழும்பிக் குழாய் வாயை அடைக்கிறது) வைச்சதில உப்பும் பாசியும் பிடிச்சு மிதவை மேல ஒட்டிக்கொண்டு நிக்கும். நீங்கள் இழுக்கேக்க காத்தே வராது. வெறும் குழாயில தண்ணி வந்தால் ஒரே ஊதலில வெளிய போயிடும், அதுக்கு நெஞ்சில எப்பவும் அரை மூச்சு மிச்சம் வைக்கோணும்.

திருகாணி

இதில நான் சங்குகுளியோட ஒத்துப்போகேல்ல. புதுசாப் பழகிற ஆளுக்கு உள்ள வந்த தண்ணியை அடியால வெளிய விடுற வால்வு உள்ள குழாய் உதவும், ஊதல் பலம் குறைஞ்சவைக்கு முக்கியமா. ஆனால் ஒவ்வொரு முறையும் மேல் வாயைக் கையால பொத்தி உறிஞ்சிப் பாருங்கோ. காத்து வந்தால் அந்த அடி வால்வில மண் இருக்கு. மிதவைத் தலையைத் தலைகீழாப் பிடிச்சுக் குலுக்கினால் டக் டக் எண்டு சத்தம் கேக்கோணும்.

சங்குகுளி

குலுக்கிப் பாக்கிற ஆள் எத்தினை பேர்? சரி, விடுவம்.

மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கீழ தாழுற (சுழியோடுற) ஆக்களுக்கு ரெண்டு விசயம். நீச்சல் கொகிள்ஸோட தாழக் கூடாது. மூக்கு வெளிய நிக்கிறதால கண் கிண்ணத்துக்க காத்து விட வழியில்லை, ரெண்டு மூண்டு மீற்றரிலயே கண் வெள்ளை சிவந்து ரத்தம் கட்டும். மாஸ்க் எண்டால் மூக்கால கொஞ்சம் ஊதிச் சரிப்படுத்தலாம். முழுமுக மாஸ்க்கோடயும் தாழக் கூடாது, பெரும்பாலானதில மூக்கைப் பிடிச்சுக் காதைத் திறக்க ஏலாது. கண்ணாடியில ‘டெம்பர்ட்’ (பலப்படுத்தின கண்ணாடி) எண்டு பொறிச்சிருக்கோ எண்டும் பாருங்கோ, இல்லாதது உடைஞ்சால் கூர்த் துண்டாக் கண்ணுக்கதான்.

மற்றது, தாழ முதல் வேகமா மூச்செடுத்து விடுற பழக்கம். அதால ஒட்சிசன் பெரிசாக் கூடாது. காபனீரொட்சைட்டு இறங்கும், அதுதான் மூச்செடு எண்டு மூளைக்கு மணியடிக்கிறது. மணி அடிக்க முதலே நினைவு போயிடும், அதுவும் மேல வரேக்க.

சோளகம்

சாமான் சரியாக இருந்தாலும் காற்றைப் பார்க்காமல் இறங்குவது வீண். மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். காரைநகரின் வடக்குப் பக்கம், காங்கேசன்துறை, பருத்தித்துறை எல்லாவற்றிலும் அது கரையிலிருந்து கடலுக்கு. அதனால்தான் தண்ணீர் எண்ணெய் விட்டதுபோல அமைதியாகத் தெரியும். குப்புறக் கிடந்து பார்ப்பவரை அதே காற்று மெல்ல மெல்ல வெளியே தள்ளும். காற்று நிரப்பிய படுக்கை, ரியூப் என்றால் இன்னும் வேகம். இந்தக் காலத்தில் நெஞ்சளவுத் தண்ணீருக்கு அப்பால் போக வேண்டாம். மாரியில் வாடை நேரே கரைக்கு அடிக்கும், அப்போது இறங்கவே வேண்டாம்.

பைபர் படகு ஓட்டுகிறவர்களுக்குக் கறுப்புக் குழாய் கண்ணில் படாது. செம்மஞ்சள் மிதவை ஒன்றைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போங்கள். கயிற்றைக் கையில் பிடிக்கலாம், கழுத்திலோ இடுப்பிலோ முடியக் கூடாது. பார்ப் (கடலடிப் பாறைத்திட்டு) பக்கம் போனால் மொட்டை முனைக் கத்தரிக்கோல் ஒன்று கட்டாயம். விட்டெறிந்த தங்கூசி (நைலோன் நூல்) வலை தண்ணீருக்குள் தெரியாது, காலில் சுற்றினால் இழுக்க இழுக்க இறுகும்.

திருகாணி

வாடகைக்கு எடுக்கிற ஆக்களுக்கு: வாய்க்கட்டையை (குழாயில வாயால கடிக்கிற பகுதியை) சவர்க்காரம் போட்டுக் கழுவினபிறகு, உடுப்பு வெளுக்கிற 5 வீதத் திரவ பிளீச் 20 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் தண்ணியில கலந்து சில நிமிசம் ஊற விட்டு, நல்ல தண்ணியில வடிவா அலசோணும். இரவு முழுக்க ஊற விட்டால் சிலிக்கன் கெட்டுப்போகும். வினாகிரியையும் பிளீச்சையும் ஒண்டாக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கடிச்சுக் கிழிஞ்ச வாய்க்கட்டையை வாங்காதேங்கோ.

முழுமுக மாஸ்க்தான் போடுவன் எண்டு நிக்கிறவை, இடுப்பளவு தண்ணியில கழட்டிப் பழகுங்கோ. நாடிக்குக் கீழ விரலைக் கொழுவி முன்னால இழுத்து மேல தூக்கோணும், ஒரு கையால. பின் கொக்கியைத் தேடிக்கொண்டு நிக்கிற அளவுக்குப் பட்டியை இறுக்காதேங்கோ. குழாயின்ர வாய்க்கட்டையைத் துப்பிற மாதிரி இதைத் துப்ப ஏலாது, உள்ளுக்க வாந்தி எடுத்தாலும் நிலைமை அதுதான். சின்னப் பிள்ளைக்குப் பெரியாக்களின்ர மாஸ்க்கைப் பட்டியை இறுக்கிப் போட்டுவிடுறதும் வேண்டாம். அந்தக் குட்டி மூச்சுக்கு உள்ளுக்க நிக்கிற பழங்காத்து கூட.

பார்மீன்

சரி, என்ர பக்கம் இருந்த கேள்விக்கும் விடை வந்திட்டு. இப்ப சோதிச்சுப் பார்த்ததில வீட்டில கிடக்கிற மாஸ்க்கில கிண்ணத்து வால்வு ஒண்டு இல்லை. சைக்கிள் ரியூப்பில வட்டமா வெட்டி ஒட்டலாமோ?

திருகாணி

ஒட்டாதேங்கோ. ரியூப் ரப்பர் தடிப்பு, மூச்சுக்குத் திறக்காது. திறந்தாலும் சரியா மூடாது. அதே மொடலுக்குக் கம்பனி வால்வு கிடைச்சால் போடலாம், இல்லாட்டில் எறியிற சாமான். எறிய முதல் பட்டியை வெட்டி விடுங்கோ. முழுசாக் குப்பையில போட்டால் ஆரும் ஒரு பெடியன் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவான்.