பால்கனியில் கிடந்த இறகு

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்
ஞாயிறு, காலை 7.42

கவின்: (படம்) துளசித் தொட்டியில் இந்த இறகு கிடந்தது. என்ன பறவை என்று யாருக்காவது தெரியுமா?

சித்தப்பா: வல்லூறுதான். சந்தேகமே வேண்டாம். போன வாரம் உங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஒன்று உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

சித்தி: அன்றைக்கு இவருடைய கண்ணாடி வீட்டில் இருந்தது.

பாட்டி: நல்ல இறகாக இருக்கிறதே! காது குடைய ஆகும். எடுத்து வை கண்ணு.

அம்மா: வேண்டாம் அத்தை. எங்கெங்கே கிடந்ததோ! கவின், முதலில் கையைக் கழுவு.

அத்தை: கவின், உன் படத்தில் சோபா தெளிவாகத் தெரிகிறது. இறகுதான் தெரியவில்லை. வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் ஸ்கேலையும் வைத்து இன்னொரு படம் எடு.

கவின்: (படம்) 12 சென்டிமீட்டர், அத்தை. சாம்பல் நிறம். நுனிப்பக்கம் அகலமாக ஒரு கறுப்புப் பட்டை.

அத்தை: ஒன்றுதானா? நன்றாகப் பார்த்துச் சொல்.

கவின்: ஒன்றே ஒன்று.

அத்தை: அப்படியானால் தம்பியின் வல்லூறு பறந்துவிட்டது. அதன் வாலில் குறுக்கே பல பட்டைகள் ஓடும்.

சித்தப்பா: சின்ன வல்லூறாக இருந்தால், அக்கா? பட்டை இனிமேல்தான் வர வேண்டுமோ என்னவோ.

அத்தை: இளசுக்கும் பட்டைகள் உண்டு. விலங்கியல் பாடத்தில் நீ வாங்கிய மதிப்பெண்ணை இங்கே சொல்லட்டுமா?

அக்கா: எங்கள் விடுதி மரத்தில் புள்ளிப்புறா நிறைய வரும். அதன் இறகாக இருக்குமா, அத்தை?

அத்தை: நல்ல கேள்வி. அதன் வால் ஓரத்து இறகுகளுக்கு நுனி வெள்ளை. இதற்குக் கறுப்பு. கவின், கறுப்புச் சட்டை போட்டிருக்கிறாயா? அதன் மேல் இறகை லேசாகத் தட்டு.

கவின்: வெள்ளையாக மாவு போல ஒட்டுகிறது!

அத்தை: அதுதான் புறா. அதன் தூவிகள் சில பொடிப்பொடியாக உதிர்ந்து இறகெல்லாம் படிந்திருக்கும். ஜன்னல் கண்ணாடியில் புறா மோதினால் சில சமயம் இறக்கை, தலை என்று முழு உருவமும் வெள்ளையாகப் பதிந்துவிடும்.

அப்பா: எங்கள் அலுவலகக் கண்ணாடியில் அப்படி ஒன்று இருக்கிறது. யாரோ சுண்ணாம்பால் வரைந்தார்கள் என்றல்லவா நினைத்தேன்!

அத்தை: சாம்பல் நிறம், நுனிப்பக்கம் ஒற்றைக் கறுப்புப் பட்டை, இந்த மாவு. மாடப்புறாவின் வால் இறகு.

கவின்: வெறும் புறாவா? 😞

அத்தை: அவசரப்படாதே. நடுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் அகலம் ஒன்றாக இருக்கிறதா?

கவின்: இல்லை. ஒரு பக்கம் ஒடுக்கம். அந்தப் பக்கம் அடியில் வெள்ளையாகவும் இருக்கிறது.

அத்தை: பார்த்தாயா! வாலில் 12 இறகுகள். அந்த வெள்ளை ஓரம் இரண்டு கடைசிகளிலும் உள்ள இறகுகளுக்குத்தான். இப்போது காம்பு மேலே, நுனி கீழே இருக்கும்படி பிடி. தண்டில் பள்ளக்கோடு ஓடும் பக்கம் அடிப்பக்கம், அது உன் கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஒடுக்கமான பக்கம் எந்தக் கைப்பக்கம்?

கவின்: இடது.

அத்தை: வாலின் இடது ஓரத்து இறகு.

சித்தி: அண்ணி, துப்பறியும் வேலைக்கே போயிருக்கலாம் நீங்கள்.

அத்தை: நேரான கேள்வி வந்ததால் தப்பித்தேன். கோபுரத்துப் புறாக் கூட்டங்களில் வெள்ளை, செம்பழுப்பு எல்லாம் கலந்திருக்கும். அப்படி ஒன்றின் இறகாக இருந்திருந்தால் நானும் திணறியிருப்பேன்.

சித்தப்பா: சரி, புறாவே ஆகட்டும். வல்லூறு அடித்துப் பிடுங்கிப் போட்டிருக்கக் கூடாதா?

அத்தை: அடித்திருந்தால் ஒன்றோடு நிற்காது. ஓர் இடத்தில் கொத்தாகச் சிதறிக் கிடக்கும். பூனை என்றால் தண்டைக் கடித்துக் குதறியிருக்கும். கவின், காம்பு முனை எப்படி இருக்கிறது?

கவின்: முழுதாக. ரத்தம் இல்லை.

அத்தை: தானாக உதிர்ந்தது. பழைய இறகு விழும், புதியது முளைக்கும்.

பாட்டி: அப்படியானால் சுத்தமான இறகுதானே? காதுக்கு...

அம்மா: அத்தை!

மாலை 5.50

கவின்: ஏசி பெட்டி மேல் வரும் புறாக்களை ஒரு மணி நேரமாகப் பார்க்கிறேன். இடது ஓரத்தில் இடைவெளி எதற்கு என்று தேடினேன். ஒன்றும் வாலை விரித்துக் காட்ட மாட்டேன் என்கிறது.

அத்தை: வந்து இறங்கும்போதுதான் விரிக்கும். அந்த நொடியைப் பிடி.

சித்தப்பா: அது இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி மேல் இப்போது ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா, பார்.

கவின்: இருக்கிறது, சித்தப்பா. காகம்.